தலையில் மூட்டை, மணிக்கட்டில் ஓய்வு

1. நின்ற இடத்தில் நடை

நடையை எண்ணும் மணிக்கட்டு பேண்டுகள் எங்கள் லேபுக்கு வந்த முதல் நாள், அவற்றைக் கொண்டுவந்த கம்பெனியின் மேனேஜர் வினீத் ஒரே இடத்தில் நின்று பேசினார். இரண்டு கைகளையும் வீசிப் பேசுவது அவர் பழக்கம். பேச்சு முடிந்ததும் தன் மணிக்கட்டைப் பார்த்து மகிழ்ந்தார். அன்றைய நடையில் பெரும்பகுதியை அவர் முடித்துவிட்டதாக அது சொன்னது. நின்ற டைல்ஸை விட்டு அவர் நகரவே இல்லை. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பேண்ட் கட்டியிருந்தவர்களுக்கு அந்தக் கைதட்டலும் நடைக் கணக்கில் சேர்ந்தது.

திருவனந்தபுரத்தில் இதய நோயாளிகளுக்கான ஒரு மறுவாழ்வு மையத்தில் நான் டெக்னீஷியன். நோயாளிக்கு மாஸ்க் மாட்டி, வேலை செய்யும்போது அவர் எவ்வளவு ஆக்ஸிஜன் இழுக்கிறார் என்று அளப்பேன். அதிலிருந்து அவர் உடல் செலவிடும் சக்தி தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் செலவு ஒரு மெட். மற்றதெல்லாம் அதன் மடங்கு. யார் எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவது இதை வைத்துத்தான்.

"சேச்சீ, இந்த மாஸ்கெல்லாம் பழைய காலம் அல்லே? இனி யாரோட மூக்கையும் மூட வேண்டாம். டேட்டா தன்னால வரும்," என்றார் வினீத்.

தன்னால வரும் எதையும் நான் இருமுறை பார்ப்பது வழக்கம்.

2. எழுந்து நடமாடுங்கள்

தங்கராஜ் தம்பானூர்ப் பக்கம் லாரியில் மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளி. பாறசாலைக்காரர், வீட்டில் தமிழ். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலைக்குத் திரும்ப அவசரப்பட்டார். சோதனையாக ஒரு வாரம் சின்ன மூட்டைகளை மட்டும் எடுக்கட்டும், பேண்ட் கட்டிக்கொள்ளட்டும், அதன் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வினீத் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். என் மாஸ்க்குக்கு அந்த வாரம் வேலையில்லை.

நடுவில் ஒரு நாள் மாத்திரை வாங்க வந்த தங்கராஜ் என்னிடம் மணிக்கட்டை நீட்டினார்.

"எக்கா, இந்தச் சாதனத்துக்குக் கண்ணு இல்லியா? அரிசி மூட்டை தலையில இருக்கு. அப்பம் இது கையில கிடந்து துடிக்குது. என்னன்னு பாத்தா, 'ரொம்ப நேரமா சும்மா இருக்கீங்க, எழுந்து நடமாடுங்க'ன்னு எழுதியிருக்கு. எனக்கு வந்த கலிப்புக்கு அந்த மூட்டைய இதுக்க தலையில வச்சிருப்பேன்!"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பேண்டுக்கு இரண்டே சாட்சிகள்: கையின் அசைவு, நாடித் துடிப்பு. தலைச்சுமைக்காரரின் கை மூட்டையைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும். நாடியையோ, ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் மாத்திரை ஏறவிடாமல் அடக்கி வைத்திருக்கும். ஒரு சாட்சியின் கை கட்டிப்போடப்பட்டது. இன்னொன்றின் வாய் அடைக்கப்பட்டது. இந்த இரண்டையும் விசாரித்துத்தான் ரிப்போர்ட்டில் 'ஆபத்தில்லை' என்று ஓர் அழகான பச்சை வட்டம் வரைகிறார்கள்.

3. சுமையும் இருமலும்

வார முடிவில் கூட்டம். திரையில் தங்கராஜின் பெயர், பச்சை வட்டம், 'லேசான வேலை' என்ற தீர்ப்பு. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். இருந்தாலும் கேட்டார்: "மூச்சுத் திணறல் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார் மேடம். தினமும் போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லி நானே கேட்டு எழுதினேன்," என்றார் வினீத். "ஆனா ஹார்ட் பிரச்சினை இல்ல. இருமும்போது மட்டும்தான் மூச்சு முட்டுதாம். ஒரு கஃப் சிரப் கொடுத்தா மதி, போதும்."

தங்கராஜ் என் முன்னால் ஒருமுறைகூட இருமியதில்லை. "அவர் பேசினதைக் கொஞ்சம் போடுங்கள்," என்றேன்.

போனிலிருந்து தங்கராஜின் குரல் வந்தது: "சும எடுக்கும்பம் மூச்சு முட்டுது சாரே."

மலையாளத்தில் 'சும' என்றால் இருமல். வினீத் கேட்டது அது. தங்கராஜ் சொன்னது சுமை.

"வினீத், அவர் தமிழில் பேசுகிறார். அது உங்கள் சும இல்லை, உங்கள் சுமடு. மூட்டை தூக்கும்போது மூச்சு முட்டுகிறது என்கிறார்."

டாக்டர் பேனாவை மூடினார். வினீத் கைகளை விரித்தார். பேண்ட் அதையும் எண்ணியிருக்கும். "அது ஒரு சின்ன லாங்வேஜ் இஷ்யூ, சேச்சீ. அடுத்த அப்டேட்ல சரியாகும்."

இருமல் மருந்தோடு மூட்டைக்கு அடியில் அனுப்பப்பட இருந்த மனிதருக்கு அடுத்த அப்டேட் எப்போது என்று நான் கேட்கவில்லை.

4. பாதி மூட்டை

தோளில் மாட்டும் சிறிய மாஸ்க் மெஷினை எடுத்துக்கொண்டு நானும் டாக்டரும் லாரி நிற்கும் இடத்துக்கே போனோம். முதலில் வெறுந்தலையோடு நடை, பிறகு பாதி மூட்டை. பாதி மூட்டையிலேயே அவருக்குக் குறித்திருந்த எல்லை தாண்டியது. டாக்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அதே நிமிடம் பேண்டில் பார்த்தேன். லேசான வேலை.

தங்கராஜ் மாஸ்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். நன்றி சொல்வார் என்று நினைப்பவர்கள் நோயாளிகளோடு பழகாதவர்கள்.

"உங்களுக்க மூக்குமூடிய விட அந்த வாட்சு எவ்வளவோ தேவலாம், கேட்டியளா? அதுக்குக் கண்ணு தெரியாட்டாலும் என்னைய வேலைக்குப் போவச் சொல்லுது."

"அது போகச் சொல்லும் தங்கராஜ். திரும்பி வருவீர்களா என்று அதற்குத் தெரியாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூட்டை தூக்க டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. யூனியன்காரர்கள் அவரைச் சாக்குத் தைக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள்.

5. பொன்முடி ஏறியவர்

பேண்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தங்கராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து, கோணி ஊசியால் மூட்டை வாயைத் தைத்தார். கை முன்னும் பின்னும் போய்வந்தது. பேண்டுக்குப் பிடித்த வேலை இது. தன் கணக்கில் அது அவரை நடக்க வைத்தது, ஓட வைத்தது, கடைசியில் மலையேறவும் வைத்தது. கம்பெனி விளம்பரத்தில் அவர் படம் வந்தது: ஸ்டென்ட் வைத்தவர், இன்று சுறுசுறுப்பின் உச்சியில். வினீத் அந்த விளம்பரத்தை எங்கள் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் அந்தப் படத்தின் முன்தான் நிறுத்திச் சொல்வேன்: கருவி காட்டுவது மணிக்கட்டு செய்ததை. மனிதன் செய்ததை அல்ல. எண்ணைப் படிப்பதற்கு முன் அந்த நேரத்தில் கை எங்கே இருந்தது என்று கேளுங்கள். மாத்திரை என்ன என்று கேளுங்கள். அவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்பதையும் கேளுங்கள்.

தங்கராஜ் செக்கப்புக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். போன முறை போனை எடுத்து, கம்பெனி அனுப்பிய மெடலைக் காட்டினார். எங்கள் ஊர்ப் பக்கத்து மலையின் பெயரில், 'பொன்முடி ஏறியவர்' என்று போட்டிருந்தது.

"சாக்குத் தச்சே மலை ஏறியாச்சு எக்கா," என்றார். "இனி எறங்குறதுக்கு ஒரு பஸ்ஸு விடச் சொல்லுங்க அந்த சாருகிட்ட."