பாறைதான் விழுந்தது

உதயாவின் கணவன் பிரேம்குமாரைக் கொன்றது பாறை. ஊருக்குச் சொல்லப்பட்டதோ, சுவர் இடிந்தது என்று.

திருத்தணி மலையின் பின்பக்கச் சரிவில், வீடுகள் முடிகிற இடத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு காலையில், மேலே மண் அரித்து, ஆட்டோ அளவுப் பாறை ஒன்று கழன்றது. வேப்பமரத்தை முறித்து, சமையலறைச் சுவரைப் பிளந்து, பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை நசுக்கியது. உதயா கடப்பாரையால் நெம்பினாள். பாறை அசையவில்லை. அவன் கை மட்டும் வெளியே கிடந்தது. அது சில்லிடும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் அண்ணன் கஜபதி அதே சரிவில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். சாவு வீட்டிலேயே அவளைத் தனியே அழைத்தார்.

"பாறைன்னா ஆபீசருங்க வந்து தெருவையே காலி பண்ணுவாங்க. செவுரு இடிஞ்சுச்சுன்னே இருக்கட்டும்."

அவள் பிணத்தருகே திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவரே ஆள் வைத்துப் பாறையை உடைத்து அள்ளினார்.

அதற்கடுத்த ஆண்டு சென்னையிலிருந்து சௌமியா என்ற நிலவியலாளர் வந்தார். இதற்கு முன் எங்கே பாறை உருண்டது, எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு வரைபடத்தில் குறித்தார். பழையது தெரிந்தால்தான் இனி எங்கே விழும் என்று கணித்துத் தடுக்க முடியும் என்றார்.

"இந்தத் தெருவுல ஒரு கல்லுகூட உருண்டது கெடையாது மேடம்" என்றார் கஜபதி.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி இரைச்சலுக்கு மேல் தமிழும் தெலுங்குமாகக் கத்திப் பேசி வளர்ந்தவள் உதயா. அவள் குரல் தெருக்கோடிவரை கேட்டது.

"உருண்டுச்சு பாவா! உங்க தம்பி மேலதான் உருண்டுச்சு!"

கஜபதி கையில் கிடைத்த சவுக்குக் கட்டையால் அடித்தார். அவள் தோள்பட்டை எலும்பு முறிந்தது. விழுந்தவளை உதைத்தார். அவர் காலைப் பற்றி, ரத்தம் வரும்வரை கடித்தாள். "நம்ம வூட்ட இடிக்கவாடி ஆள் கூட்டியாந்த?" என்று பக்கத்து வீட்டுப் பூவம்மாள் கத்தினாள். யாரோ எறிந்த கல் சௌமியாவின் நெற்றியைக் கிழித்தது.

உதயா எழுந்தாள். ஒரு கை தொங்க, இடிந்த சமையலறைக்குள் போய் நின்றாள்.

"இங்க வந்து நின்னுச்சு மேடம். அதோ அந்தப் பிளவுலருந்து கழண்டுச்சு. எழுதிக்கோங்க!"

சௌமியா ரத்தத்தைத் துடைத்தபடி குறித்தார். பூவம்மாள் அந்தப் பிளவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "அதுக்கு முந்தின மழையில எங்க ஆட்டுக் கொட்டாயும் போச்சு. அதையும் போடும்மா." பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

கஜபதி சிறைக்குப் போய் வந்தார், அவளோடு பேச்சில்லை. கோடையில் ஆட்கள் மலையேறி, தொங்கிக்கொண்டிருந்த பாறைகளை உடைத்தார்கள், கம்பி வலை கட்டினார்கள், மழைநீருக்குக் கால்வாய் வெட்டினார்கள். மேல்வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, உதயா உட்பட அங்கிருந்தவர்களுக்கு அரக்கோணம் சாலைப் பக்கம் மாற்று வீடு கிடைத்தது.

அடுத்து வந்த மழையில் ஒன்றும் விழவில்லை. புது இடத்துக் குழாயடியில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "ஒண்ணுமே உருளல. சும்மா நம்மள தொரத்திட்டாளே."

உதயா குடத்தை அவள் மேல் வீசினாள். "உருளக் கூடாதுன்னுதான்டி எலும்ப ஒடைச்சுகினேன்!"

அடுத்த வாரம் சௌமியாவோடு ஆந்திர எல்லையோர மலையடி ஊர்களுக்கு, பாறை உருண்ட இடங்களை விசாரிக்கக் கிளம்பினாள். முதல் ஊரில், அவள் தெலுங்கில் கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்தினார்கள். அவள் மறுபடி தட்டினாள்.