சவுக்காரம் தேய்த்துக் குளித்த கார்

சாரல் என்றால் எனக்கு முதலில் பெட்ரோல் வாசனை. மழையெல்லாம் பிறகுதான். மலை தண்ணீரைப் பொடித்துப் பொடித்துத் தூவுகிற ஆனி மாதத்தில் மற்றவர்களுக்கு மண் மணக்கும், பலாப்பழம் மணக்கும். எனக்கோ நல்லெண்ணெய், சீயக்காய், நனைந்த சீட்டு, பெட்ரோல் எல்லாம் சேர்ந்த ஒரு மணம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். ஒரே வீட்டில் கொஞ்சகாலம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அந்த மணம் மட்டும் மூட்டை கட்டாமலே கூட வந்துவிடுகிறது.

அறுபதுகளின் தொடக்கம். தை மாதம் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தேன். வந்த வீட்டில் பாசி நிறத்தில் ஒரு கார் நின்றது. என் கணவர் அதைத் துடைக்க வைத்திருந்த துணி, நாங்கள் முகம் துடைக்கிற துண்டைவிட வெளுப்பாக இருக்கும்.

வைகாசி முடிகிற சமயம் திருநெல்வேலி ஏஜெண்டிடமிருந்து தகவல் வந்தது. அந்த வகைக் காரில் பின்சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் குழாய் டேங்கோடு சேருகிற இடத்தில் கசிவு காண்கிறதாம். கம்பெனியே வேறு குழாய் மாட்டித் தருமாம். உடனே வண்டியைக் கொண்டுவந்து விட வேண்டும், அதுவரை பக்கத்தில் நெருப்பு ஆகாது. குழாய் மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்பதால் சாரல் முடிகிறவரை வண்டி அங்கேயே கிடக்கும்போல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவனுக்குச் சாரல் மாதத்தில் அந்தக் கார் சொந்தமில்லை. சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து இறங்குவார்கள். அருவிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது கார்க்காரன் கடமை. அந்த வருஷம் வரப்போகிறவர் சாதாரண விருந்தாளியும் அல்ல. என் கணவரின் அக்காள் மாப்பிள்ளை. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவரை ஸ்டேஷனில் அழைக்கக் கார் போக மறந்துவிட்டது. மாட்டுவண்டியில் வந்தார், சாப்பிடாமல் போனார். அதன்பிறகு இப்போதுதான் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அடுத்த தெரு ஜவுளிக்கடை பாயிடமும் அதே வகைக் கார்தான். தகவல் வந்த மறுநாள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இதுக்குப்போயி திருநெல்வேலியா? பார் சவுக்காரத்தைக் களிமண்ணு கணக்காப் பிசைஞ்சு கசியுத இடத்துல அப்பிருங்க. பெட்ரோலுக்குச் சவுக்காரம் கரையாதுல்லா. எங்கன வேணாலும் போகலாம். வந்து என் வண்டியப் பாருங்க, ஒரு சொட்டு இறங்குதா?"

இறங்கவில்லை. என் கணவர் அன்றைக்கே துணி துவைக்க வைத்திருந்த கட்டியில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு காருக்கடியில் படுத்துவிட்டார்.

"பின்சீட்டுல வாற பிள்ளைகளும் உக்காரும். கொண்டுபோயி விட்டுருங்களேன்" என்றேன்.

"அத்தான் வருதாரு. வண்டி இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்லச் சொல்லுத? சும்மா கிட."

சும்மா கிடந்தேன். மூக்கு மட்டும் கிடக்கவில்லை.

என் கணவரின் அத்தான் எனக்கு அண்ணாச்சி முறை. அண்ணாச்சி வந்தார். மதினியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அவர் இருக்கிற அறையில் நான் உட்காரமாட்டேன். அவரும் என்னோடு பேசவில்லை, என் கணவரோடும் பேச்சு எண்ணித்தான். ஆனால் முதல் நாள் அருவியில் நின்றுவிட்டு வந்ததும் கொஞ்சம் முகம் இளகியது. அடுத்த நாள் இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டார். சமாதானம் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது, எல்லாம் அந்தக் காரில் ஏறித்தான்.

மூன்றாம் நாள் காலை ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ரோட்டிலேயே கணுக்காலுக்கு ஓடியது. அதைக் கிழித்துக்கொண்டு போய் மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். சக்கரத்தைச் சுற்றியும் ஓடைதான். குளித்துவிட்டு முதலில் திரும்பி வந்தது நான். ஈரக் கூந்தலைத் துவட்டக் குனிந்தபோது பார்த்தேன். காருக்கடியிலிருந்து நுரை வந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, துவைகல்லில் வழிகிற நுரை. அதன் ஓரத்தில் தண்ணீர் நீலமும் ஊதாவுமாக மினுங்கிற்று.

பெட்ரோலுக்குக் கரையாது. பாயின் கார் காய்ந்த ரோட்டில் கடைக்குப் போய்விட்டு வந்து ஷெட்டில் தூங்குகிற கார். எங்கள் காரோ தினமும் அருவிக்கு வருகிறது. தண்ணீருக்குச் சவுக்காரம் என்ன ஆகும் என்பதை, தினமும் துணி துவைக்கிற நானும் யோசிக்கவில்லை.

நிமிர்ந்தால், காரின் மறுபக்கம் அண்ணாச்சி. குளிரில் உதடு நடுங்க, காரில் வைத்துவிட்டுப் போன சுருட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, தீப்பெட்டியில் உரசக் குச்சியை வைத்துவிட்டார்.

எப்படிச் சுற்றி ஓடினேன் என்று தெரியாது. அவர் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். சுருட்டையும் வாயிலிருந்து உருவி ஓடைக்குள் எறிந்தேன்.

"ஏட்டி! யாரு வாயிலருந்து பறிக்க? கிறுக்கா பிடிச்சிருக்கு?" மதினி ஈரச்சேலையோடு ஓடிவந்தாள். பின்னால் வந்த என் கணவர் என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். என் கணவர் தேடிய சமாதானம் முழுவதும் ஓடையில் சுருட்டாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

நான் காருக்கடியில் கையைக் காட்டினேன்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். முகர்ந்தார். பிள்ளைகளைக் கையைப் பிடித்து எட்ட இழுத்து நிறுத்தினார். பிறகு என் கணவரிடம் திரும்பினார்.

"என்னடே மாப்ளே, ஊர்லருந்து வந்த நாங்களே வெறும் தண்ணியில நிக்கோம். உன் வண்டி மட்டும் சவுக்காரம் தேச்சுல்லா குளிக்கு!"

முதலில் சிரித்தது மதினிதான். என் கணவர் சிரிக்கத் தெரியாதவர்போல் நின்று, ஏஜெண்டு சொன்னதையெல்லாம் சொன்னார்.

"கல்யாணத்துக்கு வண்டி அனுப்பலன்னுதான் கோவிச்சேன். அதுக்காக வண்டியோட சேத்து எரிக்கவா பாத்த? போ, கொண்டுபோயி மாத்து. நாங்க மாட்டுவண்டியில வந்துக்கிடுதோம். எனக்கென்ன புதுசா?"

என் கணவர் டேங்கை வடித்துவிட்டு லாரியில் ஏற்றிக் காரைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். பாய் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, தன் காரை மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்து அவரே அங்கே ஓட்டிக்கொண்டு போனார். சாரல் முடிந்துதான் இரண்டு காரும் திரும்பின. எங்கள் காரில் அந்த வாசனை போயிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், வேறு யாரோ வீட்டுக் காரில் ஏறியதுபோல் இருந்தது எனக்கு.

அதன்பிறகு அண்ணாச்சி எந்தச் சாரலையும் விடவில்லை. காரில் ஏறுமுன் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டுவார். "தங்கச்சி, நீ பிடுங்குததுக்கு முன்னால நானே தந்திருதேன்." திரும்பக் கேட்கமாட்டார். ஆனி, ஆடியில் என் அடுக்களையில் தீப்பெட்டிக்குப் பஞ்சமே வந்ததில்லை.

சாரல் காலத்துத் தீப்பெட்டி. பாதிக் குச்சி நமுத்துப்போய்த்தான் இருக்கும். அடுப்பின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரசி உரசிப் பார்ப்பேன். அன்றைக்கு அவர் கையில் இருந்த குச்சி பற்றியிருக்குமா?

இப்போதும் மழை நாளில் தீக்குச்சி உரசும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது.