நான் வெட்டிய பதினேழாம் அத்தியாயம்

ஒரு பெரிய நாவலின் முழு அத்தியாயத்தைச் சிவப்பு மையால் குறுக்கே வெட்டி, "இடைச்செருகல், நீக்கவும்" என்று எழுதிய முட்டாள் நான். கீழே கையெழுத்தும் வைத்தேன். வைக்காமல் விட்டிருந்தால் பழியை வேறு யார் தலையிலாவது போட்டிருக்கலாம்.

யுத்த காலம். கொழும்பில் கொட்டாஞ்சேனை அச்சகமொன்றில் புரூஃப் ரீடராகச் சேர்ந்து இரண்டு மாதம். அந்த நாவலை மறுபதிப்பாகப் போட்டார்கள். "ஒன்பது தரம் வாசிச்சனான் ஐயா" என்று முதலாளியிடம் அளந்திருந்தேன்.

பொய்யில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பிரதி, வார இதழில் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணியது. அத்தியாய எண்கள் பைண்டரின் கத்தியோடு போய்விட்டன. அதில் ஓரிடத்தில் கதாநாயகன் திடீரென்று படகில் அழுதுகொண்டு போவான். மனைவி துரத்திவிட்டாளாம். ஒரு வார இதழ் வந்து சேரவில்லை என்பது பதின்மூன்று வயதில் எனக்கெப்படித் தெரியும்? அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று முடிவு கட்டி வளர்ந்துவிட்டேன்.

நான் வெட்டியதை நம்பி, அச்சுக் கோர்க்கும் பிலோமினா அக்கா தான் கோர்த்த பன்னிரண்டு பக்கத்தையும் கலைத்து, ஈய எழுத்துகளைப் பெட்டியில் போட்டுவிட்டார். பிறகுதான் முதலாளி மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"என்ன காணும், எழுதினவரைவிட உமக்குக் கூடத் தெரியுமோ?"

"எங்கட வீட்டுப் புத்தகத்தில இது இல்லை ஐயா."

"அப்ப வீட்டையே போய் இரும். வெள்ளிக்கிழமை மெஷினில ஏறவேணும். அந்த அத்தியாயம் இல்லாட்டி நீரும் இல்லை."

வேலை போனால், நான் அங்கே வேலை செய்கிறேன் என்று அவர் எழுதித் தந்த கடிதமும் போகும். நான் தங்கியிருந்த வெள்ளவத்தை அறைக்குப் பொலிஸ் வந்து, யாழ்ப்பாணத்தானுக்குக் கொழும்பில் என்ன வேலை என்று கேட்டால், காட்ட என்னிடம் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

"நானே கோர்க்கிறன் அக்கா" என்றேன்.

"உம்மட விரலுக்கு இது சரிவராது தம்பி."

"வரப் பண்ணுறன்."

மூன்று நாள் நின்றேன். முதல் நாள் கோர்த்த பக்கத்தைத் தூக்கும்போது நிலத்தில் கொட்டினேன். திரும்பவும் கோர்த்தேன். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கும்போது ஒரு சொல்லையும் தாண்டி ஓட முடியாது. விடிந்தால் கதாநாயகனைப் பிடிக்க ஆட்கள் வருவார்கள் என்று மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னால் அவன் போகமாட்டான். அதனால்தான் "போ, இனி இந்தப் பக்கம் வராதே" என்று கத்தியிருக்கிறாள். படகு மறையும்வரை கரையிலேயே நின்றிருக்கிறாள்.

என்னைக் கொழும்புக்கு அனுப்பிய அன்று அம்மாவும் அப்படித்தான் கத்தினார்: "இஞ்ச நிண்டு என்னத்தைக் கிழிக்கிறாய்? போடா!" நான் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியவன். எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பக்கத்தைக் கோர்த்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு எழுதினேன். கடிதம் முழுக்க மைக் கறை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பன்னிரண்டு பக்கமும் மெஷினில் ஏறின. முதலாளி பார்த்துவிட்டு மெஷினை ஓட்டச் சொன்னார். வேலை தப்பியது. எனக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

"அக்கா, இதோட பத்தாந்தரமும் வாசிச்சிட்டன்."

பிலோமினா அக்கா நிமிராமலே சொன்னார்: "இதுதான் முதலாந்தரம்."