வாசலில் நின்ற வீட்டுக்காரர்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எங்கள் தெருவிலேயே ஓர் ஒற்றை அறையில் இருந்தார். தான் குடிவர வீட்டைக் கேட்டார். எங்கள் பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பை நினைத்து நாங்கள் நகரவில்லை. வழக்குப் போட்டார்.

அப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, தான் நட்ட மரத்திலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்பார். கேட்டைத் தாண்ட மாட்டார். பார்வை மட்டும் என் தோளைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்விடும்.

"புது வாடகைச் சட்டத்துல தீர்ப்பு சீக்கிரம் வந்துடுமாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்துடும்ங்க. பாப்பா பரீட்சை முடியட்டும்னு நான்தான் வக்கீலை வாய்தா வாங்கச் சொல்லியிருக்கேன்."

பரீட்சை முடிந்ததும் காலி செய்தோம். சாவியை அவர் கையில் கொடுத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர், என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"உள்ள வரலாமாங்க?"