செண்பகம் புன்னக்காயல் போன கதை

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் மனைவி என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள்.

வாழ்க்கையில் எப்போதோ முந்திவிட்டாள், அது வேறு விஷயம். இது சைக்கிளில். திருச்செந்தூர் ரோட்டில். பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க!

ஆற்றில் குப்பை கொட்டாதீர்கள், கரையில் மரம் வையுங்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே, பாளையங்கோட்டையிலிருந்து தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் வரை ஒரு சைக்கிள் பயணம். ஏற்பாடு செய்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் தாவரவியல் பேராசிரியர். “நீங்களும் வந்து, கடைசியில நாலு வார்த்தை பேசணும்” என்றார். பேச்சு என்றால் நான் சைக்கிளில் என்ன, தவழ்ந்தேகூடப் போவேன். உடனே தலையாட்டினேன்.

காபி கொண்டு வந்த செண்பகம், “நானும் வாரேன்” என்றாள்.

சிரித்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

“என்ன சிரிக்கிய? எனக்கென்ன கால் இல்லையா?”

கால் இருந்தது. சைக்கிளும் இருந்தது. அறிவொளி வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவள், அங்கே வந்த பெண்களோடு சேர்ந்து தானும் சைக்கிள் கற்றுக்கொண்டு வந்தாள். ஆனால் இதுவரை எங்கள் பெருமாள்புரம் தெருக்களைத் தாண்டியதில்லை. கொக்கிரகுளத்தில் இருக்கிற ஆபீசுக்குச் சைக்கிளிலேயே போகிறேன் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். நான்தான் முட்டுக்கட்டை. நாற்பத்து மூன்று வயதில், சீலை கட்டிய ஒரு அரசாங்க உத்தியோகஸ்தி, சைக்கிளில்... நாலு பேர் என்ன சொல்வார்கள்?

“அந்த நாலு பேரும் பஸ்ல எனக்கு ஒரு சீட்டு குடுத்தானுவளா? தினமும் நசுங்கி, மிதி வாங்கி, இடி வாங்கிப் போறது நான்லா?”

மடக்கிக் கேட்டால் நான் பந்தயம் கட்டுவது வழக்கம். “சரி. நீ புன்னக்காயல் வரைக்கும் இறங்காம மிதிச்சுப் போயிட்டா, மறுநாள்லேர்ந்து ஆபீசுக்கும் சைக்கிள்தான். வழியில முடியாம, பின்னால வர்ற வேன்ல ஏறிட்டா, பஸ்தான். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.”

“சரி” என்றாள். ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். ஒவ்வொரு சைக்கிள் கேரியரிலும் ஒரு பூவரசம் போத்து. போத்து என்றால் கன்று இல்லை, மரத்திலிருந்து வெட்டின நீளமான கிளை. மேல் நுனி காய்ந்துபோகாமல் இருக்க அதில் ஒரு உருண்டை சாணி. அப்படியே மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். ஆளுக்கொன்று செங்குத்தாகக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தால் ஏதோ ராஜா காலத்து ஈட்டிப் படை. என்ன, தலையில் சாணி வைத்த படை!

செய்துங்கநல்லூர் வரை நான் சிங்கம். அதற்கப்புறம் சிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. கருங்குளம் நெருங்கும்போது வலது கெண்டைக்காலில் யாரோ துணி பிழிந்த மாதிரி ஒரு பிடிப்பு. ரோட்டோரமாகச் சாய்ந்தேன். செண்பகம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “தண்ணி குடிங்க” என்றாள். போயே போய்விட்டாள்.

பின்னால் மோர்ப்பானைகளோடு வந்த வேனில் என்னையும், என் சைக்கிளையும், என் போத்தையும் தூக்கிப் போட்டார்கள். ஓட்டுநர் சுடலைமுத்துவுக்கு என்னைத் தெரியும், பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தியைப் படிக்கிற பாவி.

“வசதியா உக்காருங்க சார். எழுதுத ஆளுக்குக் கால் எதுக்கு? கைதான் இருக்குல்லா!”

ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை... இரண்டு பக்கமும் வாழையும் வயலும். கல்லூரிப் பையன்களே ஒவ்வொருவராக வேனுக்குள் வந்து விழுந்தார்கள். எங்களுக்கு முன்னால் அவள் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தாள். வேகமும் இல்லை, அவசரமும் இல்லை. அரிசி களைகிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கிற ஒரு வேலை.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டியதும் கடல்காற்று எதிரே வந்து மோதியது. வேனே திணறிய காற்று. அவள் எழும்பி நின்று மிதித்தாள். அப்போதுதான் ‘சரக்’கென்று ஒரு சத்தம். சீலை போய்ச் செயினில் மாட்டிக்கொண்டது.

நான் இறங்கி ஓடினேன். உண்மையைச் சொல்லட்டுமா? பதற்றத்தில் பாதி, சந்தோஷத்தில் மீதி.

“போதும் செண்பகம், இதுவே பெரிய தூரம்! ஏறு வேன்ல.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “சுடலை, போத்து வெட்டின அரிவாளை எடு.”

மாட்டிய துணியை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

“ஐயோ, அது நான் தீபாவளிக்கு எடுத்துத் தந்த சீலை!”

“தெரியும். கலரே நல்லால்ல.”

மிச்சத்தை வரிந்து செருகிக்கொண்டு மறுபடி ஏறிவிட்டாள். இறங்கி நின்றாள்தான், ஆனால் வேனில் ஏறவில்லை. பந்தயச் சட்டப்படி செல்லுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வேன் அவளுக்குப் பின்னால் பைய ஊர்ந்தது. எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் வியர்வையில் நனைந்த ஒரு முதுகும், காற்றில் ஆடுகிற ஒரு போத்தும்தான். அந்தச் சாணி உருண்டையைக் கோயில் கோபுரத்துக் கலசத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மேட்டில் சைக்கிள் கிட்டத்தட்ட நின்றே விட்டது. “மிதி! மிதி செண்பகம், மிதி!” என்று ஒரு கத்தல். யார் கத்துவது என்று பார்த்தால்... நான். இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே!

சுடலைமுத்து திரும்பிப் பார்த்தார். “சார், நீங்க எந்தக் கட்சி?”

புன்னக்காயலில் ஊர்க்காரர்கள் குழி தோண்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். லூர்து அக்கா என்று ஒரு மீனவப் பெண், செண்பகத்தின் கையிலிருந்து போத்தை வாங்கிக்கொண்டாள். “பாளையங்கோட்டையிலருந்தா? மிதிச்சேவா வந்திய?” என்று கேட்டு, அவள் முகத்தைப் பார்த்தாள், கிழிந்த சீலையைப் பார்த்தாள், பிறகு கையைப் பிடித்துக் குழிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் சேர்ந்து நட்டார்கள். எத்தனையோ விழாக்களில் மரம் நடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது இந்த ஒரு மரத்துக்குத்தான்.

அதற்கப்பால் ஆறு. நான் குளித்த ஆறு, தினமும் பாலத்தில் கடக்கிற ஆறு... அது இவ்வளவு அகலமாக, இவ்வளவு அமைதியாக, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கடலுக்குள் போகும் என்று இத்தனை வயதுக்குத் தெரியாது. எது ஆற்றுத் தண்ணீர், எது கடல் தண்ணீர் என்று சொல்ல முடியவில்லை. செண்பகம் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெரிய வெளிச்சத்தில், பொதிகை மலையிலிருந்து இந்த ஆற்றோடு அவளும்தான் இறங்கி வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

பேராசிரியர் மைக்கை நீட்டினார். சுற்றுச்சூழல் பற்றிச் சட்டைப்பையில் நாலு பக்கம் பேச்சு இருந்தது. வெளியே எடுத்தேன். மடித்து மறுபடி உள்ளேயே வைத்தேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அதிகக் கைதட்டு வாங்கிய பேச்சு அதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. செண்பகம் சைக்கிளில் ஆபீசுக்குப் போனாள். நான் பயந்த அந்த நாலு பேரும் டீக்கடை வாசலில் இருந்தார்கள். “ஏலே, மேடம் வாராங்கலே!” என்று ஒருவன் சொல்ல, பெஞ்சை இழுத்து வழி விட்டார்கள். அவ்வளவுதான். இதற்காகவா ஆறு மாதம் ஒருத்தியை நசுங்க விட்டேன்?

அந்த வாரமே அவள் ஆபீசிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள், எங்களுக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று. செண்பகம் உள்ளே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கேரியரைப் புடிச்சுக்கிட்டுப் பின்னால ஓட ஒரு ஆள் வேணும்.”

ஆகவே வாசகர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருமாள்புரம் பக்கம் வந்தால், பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தொப்பை குலுங்கி ஓடுவதைப் பார்க்கலாம். நிறுத்தி விசாரிக்காதீர்கள், பிடி விட்டால் அவர்கள் விழுந்துவிடுவார்கள்!