அடிப்பாகத்தில் ஒரு கீறல்கூட இல்லாத நீல வண்டி

போன பொங்கல் விடுமுறையில் தெரிந்தவர்களெல்லாம் ஊட்டி, ஏற்காடு என்று கிளம்பியபோது நான் சேலையூரிலிருந்து அனகாபுத்தூருக்கும் குன்றத்தூருக்கும் போய் வந்தேன். மொத்தம் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். பதினொரு வருட டியூஷன் பணத்தை நம்பி, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவளுக்கு இதுவே காசி யாத்திரை.

எனக்கு வயது நாற்பத்தாறு. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இரண்டே கதவும் தாழ்ந்த கூரையுமாக ஒரு வண்டி ஓட்ட வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து இருக்கும் ஆசை. புதிது வாங்க இந்த ஜென்மத்தில் முடியாது. பழசில் ஏமாந்தாலோ, மறுபடி அவ்வளவு சேர்க்க எனக்கு வயதில்லை. மெக்கானிக் யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானே பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன். துணைக்குத் தம்பி அருள் வந்தான். கார்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான், ஆனால் ஸ்டெப்னி மாற்றத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு என் பழைய சின்ன காரில் கிளம்பினோம். பல்லாவரம், பம்மல் வழியாக அனகாபுத்தூர் பதின்மூன்று கிலோமீட்டர். சந்து குறுகல் என்பதால் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம்.

விற்பவர் பெயர் பிரபு. சிவப்பு வண்டி, ஒன்பது வருடம் பழையது, மீட்டரில் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர், விலை பதினான்கு லட்சம். நான் வருவதற்குள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும்தான் உண்மை பேசும்.

பிரபு எல்லாவற்றையும் அருளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். வாங்குவது நான் என்று இரண்டு முறை சொல்லியும் பயனில்லை. வெள்ளத்தில் மாட்டியதா என்று கேட்டதும் போனை நீட்டினார். மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம்தானே. படத்தில் பாலத்து ஓரம் வரிசையாகக் கார்கள், நடுவில் இந்தச் சிவப்பு.

"மொத நாளே ஏத்திட்டேன் சார். ஒரு சொட்டு தண்ணி உள்ள போகல" என்றார்.

படம் எந்த வருட மழைக்கு எடுத்தது என்று யார் கண்டது? நான் ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து, உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழம் வெளியே வரும்வரை இழுத்தேன். அதில் பழுப்பாக ஒரு நீர்க்கறை, விரலில் மண் துகள். தரை விரிப்பு புதிது, வாசனைத் திரவியம் தாராளம். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. முப்பத்தோராயிரம் கிலோமீட்டரில் அப்படித் தேயாது.

அருளோ வண்டியின் நிறத்தில் மயங்கிக் கிடந்தான். "அக்கா, அட்வான்ஸ் போட்டுடலாம். இல்லன்னா வேற யாராச்சும் எடுத்துருவாங்க" என்று காதைக் கடித்தான். நான் பிரபுவுக்கு நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். உனக்கு எதைக் காட்டினாலும் குறைதான் என்று தம்பி குன்றத்தூர் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

குன்றத்தூரில் முருகன் மலை அடிவாரத்தில் டீயும் வடையும், இரண்டு பேருக்கு அறுபது ரூபாய். பத்தரைக்கு நிசார் பாய் வீட்டு வாசலில் நின்றோம். மர வியாபாரி. கருநீல வண்டி, எட்டு வருடம், எழுபத்து நான்காயிரம் கிலோமீட்டர், விலை பதின்மூன்றரை. அருள் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. ஒரே சாவித் திருப்பில் எழுந்தது, புகை இல்லை. பெல்ட்டின் அடிநுனி வரை சுத்தம். வேளாங்கண்ணியில் வாங்கிய ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கதவிலும் பக்கத் தகட்டிலும் ஓட்டினேன். இரும்பில் ஒட்டும், அடிபட்ட பள்ளத்தைப் பட்டி பூசி அடைத்திருந்தால் நழுவிவிடும். எங்கும் நழுவவில்லை. அலுமினியத் தகட்டில் எப்படியும் ஒட்டாது, அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பழைய பெட்ஷீட்டை விரித்து, சுடிதாரோடு வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். அங்கேதான் சந்தேகம் வந்தது. அடிப்பாகத்தில் ஒரு கீறல் இல்லை. நம் ஊர் வேகத்தடைகளில் சாதாரண காரே உரசும். இவ்வளவு தாழ்ந்த வண்டி எழுபத்து நான்காயிரம் ஓடியும் உரசாமல் இருக்குமா? எதையோ மாற்றி, பூசி, நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று உள்ளே மணி அடித்தது. எழுந்து நேராகவே கேட்டேன்.

பாய் டிக்கியைத் திறந்தார். உள்ளே இரண்டு தேக்குப் பலகைகள், நுனி சீவி இழைத்தவை. இரண்டின் மேலும் டயர் தடம் கருப்பாக ஆழப் பதிந்திருந்தது. உயரமான வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா இறங்கி, இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று என்று பலகைகளைத் தடையில் சாய்த்துப் போடுவாராம்; பாய் வண்டியை மெல்ல ஏற்றி இறக்குவாராம். எட்டு வருடமாக.

"இப்ப எனக்கு முட்டி வலி. பலகை போட ஆளில்லாம வண்டி வூட்லயே நிக்குது. அதான் விக்கிறோம்" என்றார் வாசலுக்கு வந்த அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனாலும் பேரத்தை விடவில்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். ஆறு வருடப் பழசு, ஓரங்களில் வெடிப்பு. பிரேக் தட்டும் தேய்ந்து விளிம்பில் மேடு கட்டியிருந்தது. நான்கு டயருக்கும் பிரேக்குக்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்று கணக்குச் சொல்லி, பன்னிரண்டு நாற்பது என்றேன். பாய் அசையவில்லை. அக்காதான் வாயைத் திறந்தார்.

"குடுத்துடுங்க. எத்தினியோ பேர் வந்து பாத்தாங்க, ஒருத்தராச்சும் தரையில படுத்தாங்களா?"

பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கே முடிந்தது. அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது என்று அருள் இன்னும் கிண்டல் செய்கிறான். செய்யட்டும்.

இதேபோலக் கிளம்புகிறவர்களுக்கு: பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள், கடன் பாக்கியும் அபராதமும் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரை மட்டும் நம்பாமல் பெடலையும் சீட்டின் ஓரத்தையும் பாருங்கள். ஒழுங்காக அதிகம் ஓடிய வண்டி, குறைவாக ஓடியதாக நடிக்கும் வண்டியைவிட எவ்வளவோ மேல். பத்து நிமிடம் யோசிக்க விடாத விற்பனையாளரிடமிருந்து பத்திரமாக வீடு திரும்புங்கள்.

பெயர் மாற்றம் முடிந்ததும் பலகைகளோடு வண்டியை எடுத்து வந்தோம். அவுட்டர் ரிங் ரோடு வழியாக எட்டு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் வேகத்தடை குறைவு. சேலையூர் உள்தெருக்களில் தப்பிக்க வழியில்லை. எங்கள் தெருமுனைத் தடையில் அருள் இறங்கிப் பலகைகளைப் போட்டான். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்துவிட்டு, தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், வண்டி உன்துதா?"

"இல்லண்ணா, எங்க அக்காவுது" என்றான் அருள், குனிந்தபடியே. "அவங்களே அடியில படுத்துப் பாத்து எடுத்தது. ஒரு நிமிஷம் இருங்க, கீறல் விழுந்துடப் போகுது."