ஆயுத பூஜைப் பொரியும் ஆயிரத்தைந்நூறு மைலும்

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்குப் பழைய காரை ஓட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரிச்சர்ட்சன் வரை 1,510 மைல், நான்கு நாள், மூன்று இரவு. சாலை அருமையான சாலை. நான் போன விதம்தான் சரியில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் அபிக்கு ரிச்சர்ட்சனில் இருக்கும் யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் கிடைத்தது, இந்த ஜனவரி செமஸ்டருக்கு. அங்கே கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. எங்களிடம் 2006 மாடல் ஜப்பான் செடான் ஒன்று இருந்தது. 1,68,000 மைல் ஓடிய வண்டி. நான்கு வயதில் அபி பின்சீட்டில் வாந்தி எடுத்ததும் அதில்தான், பதினேழு வயதில் ஓட்டப் பழகியதும் அதில்தான். டிரக்கில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றாள் மனைவி சுதா. "வேண்டாம், நானும் அபியும் ஓட்டிட்டுப் போறோம். இனிமே அவகூட நாலு நாள் எனக்கு எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டவன் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை 6:10-க்குக் கிளம்பினோம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி என்று பின்சீட் முழுக்க டப்பா. சுதா என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். "ஏங்க, அவ உங்ககிட்ட முக்கியமா ஒண்ணு பேசணும்னு இருக்கா. என்னன்னு என்னைக் கேக்காதீங்க, அவளே சொல்லட்டும். கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

"நாலு நாள் இருக்குல்ல, கேக்கறேன்" என்றேன்.

தெருமுனை சிக்னலில் ஆரம்பித்தது வினை. நிற்கும்போது என்ஜின் தானாக ஓடும் வேகத்துக்கு ஐடில் என்று பெயர். மீட்டரில் முள் 700 பக்கம் சிவனே என்று நிற்க வேண்டும். அது 500-க்கு இறங்கியது, வண்டி விக்கியது, 1,400-க்கு எகிறியது, மறுபடி இறங்கியது. அபி அப்போதுதான் வாயைத் திறந்தாள். (அவள் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.)

"அப்பா, நான் ஒண்ணு..."

"ஒரு நிமிஷம் இரும்மா. இந்தச் சத்தம் கேக்குதா உனக்கு?"

பாட்டை நிறுத்தினேன். ஹீட்டரை நிறுத்தினேன். அவளையும் நிறுத்திவிட்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

ஃப்ரீவேயில் ஏறினால் ஐடில் தொல்லை இல்லை. வண்டி 65-இல் வெண்ணெயாகப் போகும். அந்த நேரத்திலாவது பேசியிருக்கலாம் அல்லவா? பேசினேன், செந்திலிடம். செந்தில் ஈரோட்டுக்காரன், பார்சிப்பனியில் இருக்கிறான். ஐடி வேலை, ஆனால் வாரக் கடைசியில் கராஜில் கார்தான் அவனுக்குக் கோயில். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்ணா, த்ராட்டில் பாடி அழுக்காத்தான் இருக்கும். க்ளீன் பண்ணுனா முடிஞ்சுது" என்றான். என்ஜினுக்குள் காற்று போகும் வாய்க்குத்தான் அந்தப் பெயர்.

அதோடு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்டுவைத்தேன். ஆளாளுக்கு நாட்டாமை. ஒருத்தர் ஸ்பார்க் ப்ளக் என்றார், ஒருத்தர் சென்சார் என்றார், ஒருத்தர் காரையே மாற்று என்றார். ஹாரிஸ்பர்க் தாண்டி ஐ-81-இல் விழுந்து, மேரிலாண்ட், வெஸ்ட் வர்ஜீனியா எல்லாம் வந்து போய்விட்டன. வர்ஜீனியாவில் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஒரு சுண்ணாம்புக் குகை பார்க்க வேண்டும் என்று அபி வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃப்ரீவேயிலிருந்து பதினைந்து நிமிடம். இறங்கினால் ஏழெட்டு சிக்னல், வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நேராக விட்டேன். நீங்கள் போனால் கட்டாயம் இறங்கிப் பாருங்கள்.

ரோனோக் வரை 415 மைல். மோட்டல் வரி சேர்த்து 94 டாலர், காலையில் வாஃபிள் உண்டு. பார்ட்ஸ் கடையில், என்ஜினின் எர்ரர் கோட் படிக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று வந்தது. காற்றை அளக்கும் சென்சாருக்கு ஒரு ஸ்ப்ரே டப்பா, த்ராட்டிலுக்கு ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். பார்க்கிங் லாட்டில், எலும்பைக் குத்தும் குளிரில், பானெட்டைத் திறந்து நான் துடைக்க, அபி போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, உங்களுக்குச் சின்ன வயசுல என்ன ஆகணும்னு ஆசை?"

"டார்ச்சை ஆட்டாத கண்ணு. கொஞ்சம் கீழ காட்டு."

இப்போது எழுதும்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நாஷ்வில், 430 மைல். வழியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு லாபம். முதல் நாற்பது மைல் ஐடில் ஒழுங்காக இருந்த மாதிரி இருந்தது. "பாத்தியா அபி!" என்றேன். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அன்று சாயங்காலம் அவள் பாட்டு கேட்கப் போகலாம் என்றாள். நான் படுக்கையில் உட்கார்ந்து ஐடில் வீடியோக்கள் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் அவள் என்னைப் பார்த்தபடி சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை 345 மைல் ஓட்டி, மதியம் லிட்டில் ராக்கில் சாப்பிட இறங்கினோம். முதல் சிக்னலிலேயே வண்டி செத்தது. பின்னால் ஹார்ன். நல்லவேளையாக எதிரே கராஜ் ஒன்று இருந்தது, இருவரும் தள்ளிக்கொண்டே போனோம். முன்னால் நாலு வண்டி இருக்கிறது, மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"அப்பா, பக்கத்துல ஆத்து மேல நடக்கற பாலம் இருக்கு. பழைய ரயில் பாலம். பத்து நிமிஷம்தான். வாங்களேன், போலாம்."

"நீ போயிட்டு வாம்மா. நான் கூட நிக்கலைன்னா இவங்க என்னத்தையாவது மாத்தி பில் போட்டுடுவாங்க."

"ப்ளீஸ்ப்பா" என்றாள். அபி ப்ளீஸ் சொல்கிற பெண் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற காரைப் பார்க்கப் போய்விட்டேன்.

என்ஜினுக்குள் புகை விட்டுப் பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. எங்கே ஓட்டையோ அங்கே புகை வரும். இருபதே நிமிடம். என்ஜினுக்குப் பின்னால், வைப்பருக்குக் கீழே, ஒரு ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்த்தான் இத்தனை ஆட்டம். மெக்கானிக் கையுறையில் எதையோ அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். "இது என்ன, பாப்கார்னா?"

பொரி! அக்டோபரில் கராஜில் ஆயுத பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம், டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், பானெட் மேல் தட்டு நிறையப் பொரிகடலை. தட்டைச் சாய்த்து, பாதிப் பொரியை வைப்பர் இடுக்கில் கொட்டியவன் நான். "வேக்யூம் போட்டு எடுத்துடுங்க, எலி வரும்" என்று சுதா அப்போதே சொன்னாள். "சாமிக்கு வெச்சதுக்கு வேக்யூமா? சும்மா இரு" என்று சொன்னவனும் நான். எலி வந்தது, மூன்று மாதம் பிரசாதம் சாப்பிட்டது, பொரி குறைந்ததும் குழாயைத் தின்றிருக்கிறது. மெக்கானிக்கிடம் "ஃபெஸ்டிவல்" என்று மட்டும் சொன்னேன். எல்லாம் சேர்த்து 184 டாலர்.

அபி குளிரில் கன்னம் சிவந்து திரும்பி வந்தாள். எனக்கு ஒரு காபியும் வாங்கி வந்திருந்தாள். எலிக் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். சிரித்தாள். "சூப்பர்ப்பா" என்றாள். அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

ஞாயிறு கடைசி 320 மைல். சிக்னலுக்குச் சிக்னல் முள் 700-இல் நின்றது. செந்திலுக்கு, குரூப்புக்கு, சுதாவுக்கு என்று வெற்றிச் செய்தி சொல்லி முடிக்கவே டெக்சாஸ் எல்லை வந்துவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. "அம்மா ஏதோ சொன்னாளே. என்னடா கண்ணு விஷயம்?"

"ஒண்ணும் இல்லப்பா. அது முடிஞ்சுது" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. அப்பாடா, பெரிய விஷயம் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அவளை அப்பார்ட்மெண்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். கிளம்பும்போது நான் சொன்ன புத்திமதியைக் கேளுங்கள்: "ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி, அரை நிமிஷம் என்ஜின் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அப்பாவுக்கு அனுப்பு."

நியூவர்க் ஏர்போர்ட்டில் சுதா காருடன் காத்திருந்தாள். நான் பெல்ட் போடுவதற்குள் கேட்டாள். "சொன்னாளா? நீங்க என்ன சொன்னீங்க?"

"எதைச் சொன்னாளா?"

சுதா வண்டியை எடுக்கவே இல்லை. "அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாங்க. சின்னப் பசங்களுக்கு டீச்சர் ஆகணும்னு ஆசை. அங்கயே அதுக்குக் கோர்ஸ் இருக்கு, எடமும் கெடைச்சுது. ஃபீஸ் கட்றதுக்குள்ள நீங்க சரின்னு சொன்னா மாத்திக்கலாம்னு இருந்தா. வீட்டுல சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்களாம். கார்ல நாலு நாள் எங்கயும் போக முடியாது, கேட்டுத்தான் ஆகணும்னு சிரிச்சா அவ."

அங்கேயே அபிக்குப் போன் போட்டேன். மாத்திக்கோ, இன்னிக்கே மாத்திக்கோ என்றேன். "பரவால்லப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே ஃபீஸ் கட்டிட்டேன். இந்த செமஸ்டர் போகட்டும், அப்புறம் பாக்கலாம். நீங்க கார்ல பிஸியா இருந்தீங்க" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எப்போது கட்டினாய் என்று கேட்டேன். சனிக்கிழமை, அந்தப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, போனிலேயே கட்டினாளாம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய வண்டி என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ஐடில் ஏறி இறங்கினால் ஸ்ப்ரே டப்பாவுக்கு ஓடாமல் முதலில் குழாய்களைப் பாருங்கள், புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜை முடிந்ததும் பொரியை ஒன்றுவிடாமல் எடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஐ-81-இல் லாரி அதிகம், இடது பக்கமே போய்க்கொண்டிருக்காதீர்கள். குகையில் இறங்குங்கள், பாலத்தில் நடங்கள். பிள்ளையோடு போகிறீர்கள் என்றால் போனை டிக்கியில் போடுங்கள். வண்டி நின்றால் நிற்கட்டும், இழுத்துக்கொண்டு போக ஆள் வருவார்கள்.

சத்தம் அனுப்ப வேண்டாம் என்று அபியிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறது. போன வாரம் நிறுத்த மறந்திருக்கிறாள். அரை நிமிடம் என்ஜின் சத்தம், பிறகு கூட இருக்கும் பெண்ணின் குரல், என்ன செய்கிறாய் என்று.

"இருடி, எங்க அப்பாவுக்கு என்ஜின் சத்தம் அனுப்பறேன்."

"எதுக்கு?"

"அவர் அதைத்தான் காது குடுத்துக் கேப்பார்."

அதற்குப் பிறகும் சிறிது நேரம் ஓடுகிறது அந்த ரெக்கார்டிங். ஐடில் ஒரே சீராக இருக்கிறது.